ஒழுகும் மூக்கும் கேட்காத பிள்ளையும்

செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மகளின் கையில் கொடுத்தேன். அப்போது குவைத்தில் வேலையில் இருந்த என் கணவர் பேசினார்.

"தர்ஷும்மா, சாப்ட்டியாடா?"

தர்ஷினி மூக்கை ஒரு முறை உறிஞ்சினாள். "ம்" என்றாள்.

"இன்னா சாப்ட்ட?"

"ம்."

"இன்னா சாப்ட்டன்னு கேக்குறேன்டா கண்ணு."

அவள் போனைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "டாட்டாப்பா" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ" என்றேன்.

"இருக்கேன், சொல்லு" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

இது பழைய கதை; அவர் இப்போது ஊரோடு வந்துவிட்டார். எங்கள் ஓட்டு வீடு மழையில் ஒழுகிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அவர், "வூடு ஒழுவுனத எழுதிட்ட. புள்ள மூக்கு ஒழுவுனத எப்ப எழுதப் போற?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேட்ட கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதனால் இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

ஒழுகலில் பல வகை

நாங்கள் இருப்பது குருவிநத்தம். ஆற்றங்கரை ஊர். சுற்றிலும் கரும்பு. வெட்டு முடிந்ததும் கொல்லையில் கிடக்கும் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்துவார்கள். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரித்தூள் வந்து உட்காரும். நெல் அறுப்பு வந்தால் தூசு. இது போதாதென்று என் தையல் மெஷின் வேறு. ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் நான்தான். வெட்டிப்போட்ட துண்டுத் துணிக் குவியல்தான் தர்ஷினிக்கு மெத்தை, பொம்மை, எல்லாம். அதிலேயே புரண்டு வளர்ந்தாள்.

அவருக்கு விசா வந்து கிளம்பியபோது அவளுக்கு நாலு வயது. அந்த வருடம்தான் மூக்கு ஒழுகத் தொடங்கியது. சளி என்றால் ஒரு வாரம் இருக்கும், பத்து நாள் இருக்கும், போய்விடும். இது போகவே இல்லை. காலையில் தண்ணீராக வரும். பிறகு கெட்டியாகி உள்ளேயே அடைத்துக்கொள்ளும். மறுபடியும் தண்ணீராக வரும். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் தோல் உரிந்து சிவந்தே கிடந்தது.

நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. என் பிறந்த ஊர் பண்டசோழநல்லூர். என்னோடு படித்த பிள்ளைகளில் மூக்கு ஒழுகாதது எது? சட்டையின் வலது கை எல்லாருக்கும் மொடமொடவென்றுதான் இருக்கும்.

எங்கள் வீட்டில் என் தம்பி சேகர் மட்டும் தனி ரகம். அவனுக்கு ஒரு பக்க மூக்குதான் ஒழுகும். மற்றப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஒழுகுகிற பக்கத்தில் அப்படி ஒரு நாற்றம். பக்கத்தில் யாரும் படுக்க மாட்டோம். அம்மா கஷாயமாகப் போட்டு ஊற்றினாள். கடைசியில் பாகூர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சின்ன இடுக்கி விட்டு இழுத்தார். பென்சில் முனையில் இருக்கும் அழி ரப்பர் வந்தது. எப்போது போட்டுக்கொண்டான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. அம்மா அவன் முதுகில் அங்கேயே ஒன்று வைத்தாள். ஒரு பக்கம் மட்டும் ஒழுகி நாற்றமும் அடித்தால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதனால் தர்ஷினிக்கு ஒழுகத் தொடங்கியதுமே இரண்டு மூக்கிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் சமமாக ஒழுகியது. நாற்றமும் இல்லை. சரி, வெறும் சளிதான் என்று நிம்மதியாகிவிட்டேன். அந்த நிம்மதிதான் எங்களைக் கெடுத்தது.

ஆளுக்கொரு வைத்தியம்

பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் ஊரில் எல்லாருமே டாக்டர். தயிர் கொடுக்காதே என்றார்கள். வாழைப்பழம் கூடாது, தலைக்கு ஊற்றாதே, ஐஸ் கண்ணிலேயே காட்டாதே என்றார்கள். மருந்துக்கடைத் தம்பி ஒரு சிரப் கொடுப்பார். குடித்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும். தூங்கி எழுந்தால் மூக்கும் எழுந்துகொள்ளும்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் என் நாத்தனார் செல்வி அக்கா. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், தம்பி பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று அவருக்கு எப்போதும் ஒரு பதைப்பு. விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சாம்பிராணித் தட்டோடு வந்துவிடுவார்.

"புள்ளய இப்பிடி வுடு. தலையில ஈரம் கோத்துகினு கெடக்குது. பொக காட்டுனா சளி முறியும்."

வீடு முழுக்கப் புகையாகும். தர்ஷினி தும்முவாள். அடுக்கடுக்காகத் தும்மி, மூக்கிலிருந்து குழாயைத் திறந்த மாதிரி கொட்டும்.

"பாத்தியா? சளி எல்லாம் வெளிய வருது பாரு" என்பார் அக்கா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா போனதும் கொசு கடிக்கக் கூடாதே என்று நான் என் பங்குக்குக் கொசுவத்திச் சுருளைக் கொளுத்திக் கட்டிலுக்கு அடியில் வைப்பேன்.

தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து பெரிய ஆள் மாதிரி குறட்டை வரும். அதை ஒரு நாள் போனில் பதிவு செய்து அவருக்கு அனுப்பினேன். அவரும் கேட்டுச் சிரித்தார். அங்கே இருக்கிற கூட்டாளிகளுக்கெல்லாம் போட்டுக் காட்டினாராம்.

சொன்னா கேக்க மாட்டா

பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு புதிதாக ஒரு புகார் வந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அந்த டீச்சர் கெட்டவரும் இல்லை.

"தர்ஷினி சொன்னா கேக்க மாட்டேங்குதும்மா. நோட்ட எடுன்னா சும்மா உக்காந்திருக்கு. பக்கத்துல இருக்குறவங்க எடுத்தப்பறம் பாத்து எடுக்குது. ஏன் எடுக்கலன்னு கேட்டா, கேக்கலன்னு திமிரா பதில் சொல்லுது."

"வூட்லயும் அப்பிடித்தான் மிஸ். சொன்னா கேக்கவே மாட்டா" என்றேன் நான். இருவரும் ஒருமனதாகத் தலையை ஆட்டிக்கொண்டோம்.

இந்த இடத்தில் எனக்கு நம் பாஷை மேலேயே கோபம் வருகிறது. காதில் விழுந்தாலும் கேட்டது என்கிறோம். சொன்னபடி நடந்தாலும் கேட்டது என்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். பிள்ளை 'கேக்கல' என்று தன் காதைப் பற்றி எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நாங்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டோம்.

என்னை ஏமாற்றியது இன்னொன்று. நேரில் நின்று பேசினால் அவள் பதில் சொல்வாள். என் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள் என்பது எனக்குத் தெரியாது. மெஷினில் குனிந்தபடி நான் கூப்பிட்டால் வரமாட்டாள். பிடிவாதம் என்று நினைத்தேன். ஒரு தடவை கோபத்தில் ஸ்கேலால் தரையில் ஓங்கித் தட்டினேன். தரை அதிர்ந்ததும் ஓடி வந்தாள். பார், ஸ்கேலைக் கண்டால்தான் பயம் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தேன்.

அவளுடைய அப்பாவுக்குத்தான் வாய் இல்லை. போனுக்குள் வெறும் குரலாக இருந்தார். அவர் தங்கியிருந்த கேம்பில் நெட் சரியில்லை. வீடியோ போட்டால் முகம் அப்படியே உறைந்து நிற்கும். அதனால் காலையில் வேலைக்கு வண்டியில் போகும்போது அவளுக்கென்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். நான் போனை அவள் காதில் வைப்பேன். முடிகிற வரை அசையாமல் இருந்துவிட்டுத் தலையாட்டுவாள். "அப்பாவுக்குப் பதில் சொல்லு" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னால், "டாட்டாப்பா" என்பாள். எது கேட்டாலும் அதே டாட்டாதான்.

"மறந்துட்டா போலருக்குது" என்றார் ஒரு நாள்.

"சின்னப் புள்ளதான, வெளாட்டு புத்தி" என்றேன்.

கொஞ்சம் கொஞ்சமாக மெசேஜ் குறைந்தது. பிறகு நின்றே போனது. என்னிடம் பேசும்போது, "புள்ள நல்லாருக்கா?" என்பதோடு சரி. போனை அவளிடம் கொடு என்று சொல்வதை விட்டுவிட்டார்.

ஐஸ் வண்டி

எங்கள் தெருவுக்கு மத்தியானம் ஐஸ் வண்டி வரும். ஐஸ்காரர் ரப்பர் ஹாரனைப் 'பாம் பாம்' என்று அழுத்திக்கொண்டே வருவார். முன்பெல்லாம் வண்டி முதல் தெருவில் திரும்பும்போதே தர்ஷினி வாசலுக்குப் பறப்பாள். ஐஸ் கூடாது என்று நான் கண்டித்த பிறகு ஓடுவது நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை. "எதக் கேக்குறாளோ இல்லியோ, இத மட்டும் கேட்டுக்கினா" என்று ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் வாசல் கேட்டருகில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஐஸ் வண்டி வந்து அவளுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. ஹாரன் அடித்தார். திரும்பவில்லை. மறுபடியும் அடித்தார். அவள் பாட்டுக்குக் கோடு போட்டாள்.

தற்செயலாகக் குச்சி கையிலிருந்து தெறித்துப் பின்னால் விழுந்தது. எடுக்கத் திரும்பியவள், வண்டியைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் ஓடி வந்தாள்.

"ம்மா! ஐஸு வந்துக்குது! ரொம்ப நாளா வரவே இல்லல்ல?"

அந்த வண்டி தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. அவளைத் திருப்பி நிறுத்தி, பின்னால் நின்று "தர்ஷினி" என்றேன். அசையவில்லை. கொஞ்சம் உரக்க "தர்ஷு" என்றேன். ஐஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது முறை கத்தினேன். அப்போதுதான், "இன்னாம்மா?" என்று திரும்பினாள். அன்றைக்கு அவள் கேட்ட ஐஸை வாங்கிக் கொடுத்தேன். சப்பிக்கொண்டே, "ஏம்மா அழுவுற?" என்றாள்.

மூக்குக்குப் பின்னால்

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனோம். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பெண். காதைப் பார்ப்பார் என்று நினைத்தால் முதலில் மூக்கைத்தான் பார்த்தார். வாயைத் திறந்து தூங்குமா, குறட்டை உண்டா, காலையில் அடுக்கடுக்காய்த் தும்மலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பிறகு காதில் ஏதோ வைத்துப் பரிசோதனை செய்தார்கள்.

"மூக்குக்கும் காதுக்கும் உள்ளுக்குள்ளயே ஒரு சின்னக் குழாய் இருக்கும்மா. இந்தப் பாப்பாவுக்கு மூக்குக்குப் பின்னாடி சதை வீங்கி அந்த வழிய அடைச்சிருக்கு. காது ஜவ்வுக்கு உள்பக்கம் பிசின் மாதிரி நீர் தேங்கியிருக்கு. தண்ணிக்குள்ள முங்கி இருக்கும்போது கரையில யாராவது பேசினா எப்படிக் கேக்கும்? அப்படித்தான் இவளுக்குக் கேக்குது."

"செவிடா மேடம்?" என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வருவதற்குள் உயிர் போய்விட்டது.

"இல்லம்மா. அடைப்புதான். சரி பண்ணிடலாம். வீட்ல புகை எதாவது உண்டா?"

சாம்பிராணி, கொசுவத்தி, கரும்புச் சோகை, துணிப் பிசிறு என்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் தேய்ந்தது.

"சோகைப் புகைய உங்களால தடுக்க முடியாது. மத்ததெல்லாம் இன்னிக்கே நிறுத்துங்க" என்றார். தலைக்குக் குளிப்பாட்டலாம், வாழைப்பழமும் தயிரும் கொடுக்கலாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். மூக்குக்கு உப்புத் தண்ணீர் சொட்டு மருந்தும் ஒரு ஸ்ப்ரேயும் எழுதினார். இரண்டு மூக்கையும் சேர்த்துப் பிடித்துச் சீந்தக் கூடாது, ஒன்றை மூடிக்கொண்டு மற்றதை மெதுவாகச் சீந்த வேண்டும் என்று அவளுக்குச் செய்து காட்டினார். நிறையப் பிள்ளைகளுக்குக் காதில் தேங்கிய நீர் தானாகவே வற்றிவிடும், மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்.

மெஷினை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். துண்டுத் துணிகளை மூட்டை கட்டினேன். செல்வி அக்காவிடம் சொல்லப் போனபோதுதான் கஷ்டமாக இருந்தது. தட்டில் சாம்பிராணி போட்டுத் தயாராக வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"நா நல்லதுக்குத்தானம்மா போட்டேன்?"

"நல்லதுக்குத்தான்க்கா" என்றேன். வேறு என்ன சொல்வது? அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிள்ளையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போவார்.

மூன்று மாதத்தில் மூக்கு ஒழுகுவது பாதியாகக் குறைந்தது. காதில் தேங்கியது மட்டும் வற்றவில்லை. சின்ன ஆபரேஷன் செய்து சதையை எடுத்து, காதில் இருந்த நீரையும் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நான் மெஷினை ஓட்டியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "இது இவ்ளோ சத்தமாம்மா?" என்றாள். சாயந்திரம் நாங்கள் பழக்க தோஷத்தில் அவளிடம் உரக்கப் பேசியபோது, "ஏம்மா எல்லாரும் கத்துறீங்க?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கேட்பதை விட்டவர்

எல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வருத்தம் இதற்குப் பிறகுதான்.

போனில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஓ" என்றார். "நல்லாயிடும்ல?" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். தர்ஷினி என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கூச்சம், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. சண்டை கிடையாது, கோபம் கிடையாது. அவளுக்கு எது வேண்டுமானாலும் என்னிடம் வருவாள். அவர் பக்கத்திலேயே அவள் உட்கார்ந்திருப்பாள், "புள்ள சாப்ட்டாளா?" என்று என்னிடம் கேட்பார். அவளிடம் எதையும் கேட்கக் கூடாது என்று அத்தனை காலம் மனதை அடக்கிப் பழகியவர். காது திறந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பழையபடி கேட்க வரவில்லை.

காதில் தேங்கிய நீரை எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடத்தை யார் எடுத்துக் கொடுப்பது? அப்பாவின் குரல் தினமும் காதோரம் வந்தும் போய்ச் சேராத வருடங்கள் அவை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

செவப்பு

கொஞ்ச நாள் முன்பு ஒரு சாயந்திரம் கரண்ட் போனது. மெஷின் நின்றது, ஃபேன் நின்றது. வீடு அமைதியானதும் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. ஏ.சி. மெக்கானிக்கான அவர் ஒரு ரிப்பேருக்குப் பாகூர் போயிருந்தார். இன்னும் திரும்பவில்லை. திடுக்கிட்டு உள்ளே போனேன்.

விளையாட என் பழைய போனை எடுத்த தர்ஷினி, அதில் இருந்த வாய்ஸ் மெசேஜ்களைக் கண்டுபிடித்திருக்கிறாள். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"தர்ஷும்மா, ஸ்கூலுக்குப் போனியாடா? ஃபிரண்டு யாருடா ஒனக்கு?" என்றது போன்.

"கனிமொழி" என்றாள் போனைப் பார்த்து.

"அப்பா வண்டில போயிகினுக்கிறேன். இங்க ஒரே வெயிலு. நம்ம ஊர்ல மழையாடா?"

"மழைதாம்ப்பா."

"கடையில ஒரு ஷூ பாத்தேன்டா. நடந்தா லைட்டு எரியும். செவப்பு இருக்குது, நீலம் இருக்குது. எது வேணும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "செவப்பு" என்றாள்.

அடுத்தது கடைசி மெசேஜ். குரல் மாறியிருந்தது. "இன்னாடா, அப்பா மேல கோவமா? ஏன் பேச மாட்டேங்குற?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். போனைத் தூக்கி வாய்க்கருகில் வைத்துக்கொண்டாள்.

"கோவம்லாம் இல்லப்பா. கேக்கல."

எனக்குப் பின்னால் மூச்சு விடும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். அவர் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

என்னைத் தாண்டி உள்ளே போய் அவள் எதிரில் உட்கார்ந்தார். என்னிடம் கேட்காமல் அவளிடமே கேட்டார்.

"அந்தச் செவப்பு ஷூ... இப்ப வாங்கியாரட்டுமாடா?"

"அது சின்னப் புள்ளைங்க போடுறதுப்பா" என்றாள் தர்ஷினி.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம், ஆமாம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு நகர்ந்து போய் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"மொதல்லேருந்து போடட்டுமாப்பா?"

போட்டாள். இந்த முறை இருவரும் சேர்ந்து கேட்டார்கள்.